ஓணத்தல்லும் பனித்தரைச் சண்டையும்



பாலக்காட்டுக் கணவாயின் தென்பகுதியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்திருப்பது சித்தூர் வட்டம். சோகநாசினி என்னும் ஆறு பாயும் பூமி அது. துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதி நாள்களைக் கழித்த ஊர் சித்தூர் என்று பெரியோர் சொல்வர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் அங்கே பல. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர், பிழைப்பை நாடி மும்பைக்கும் டெல்லிக்கும் சென்றவர்கள், இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு விளையாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஓணம் என்றதும் பூக்கோலமும் ஊஞ்சலும் விருந்தும் நம் நினைவுக்கு வரும். ஆனால் இவ்வட்டத்துப் பல்லசேனாவில் ஓணத்திற்கு வேறொரு முகமும் உண்டு. மதுரை மீனாட்சியின் வடிவமாகவே போற்றப்படும் மீன்குளத்தி பகவதி கோயில் கொண்டிருக்கும் ஊர் அது. திருவோணத்தன்றும், மறுநாள் அவிட்டத்தன்றும் அங்கே ஓணத்தல்லு நடைபெறும். மலையாளத்தில் தல்லு என்றால் அடி. ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். கட்சிக்கு ஒருவராக இருவர் களத்தில் இறங்குவர். வயதிலும் உடற்கட்டிலும் ஒத்தவர்களையே இணை சேர்ப்பது வழக்கம். இடுப்பில் கச்சை; மேனியில் திருநீறு; கையில் ஆயுதம் ஏதுமில்லை. விரித்த கையால் எதிராளியின் வெறும் முதுகில் அடிக்கலாம். விரல்களை மடக்கிக் குத்தலாகாது, காலால் உதைக்கலாகாது. அளவு மிஞ்சும் நிலை வந்தால் பெரியவர்கள் இடையே புகுந்து இருவரையும் விலக்கிவிடுவர்.

இதனை முதன்முறை காண்பவர் திடுக்கிடுவது இயல்பே. திருநாளும் அதுவுமாக அண்டை வீட்டானை அடிப்பது ஒரு விளையாட்டா? நாகரிகம் வளர்ந்த இக்காலத்தில் இது தேவைதானா? இக்கேள்விகளை இகழ்ந்து தள்ளிவிடலாகாது. “எங்கள் பாட்டன் காலத்து வழக்கம்” என்று மார்தட்டுவதும் விடையாகாது. “அது காட்டுமிராண்டித்தனம்” என்று நாணித் தலைகுனிவதும் விடையாகாது. விளையாட்டில் அடிதடிக்கு எங்கே இடமுண்டு, எங்கே இடமில்லை என்று ஆராய்ந்து பார்ப்பதே முறை.

இதே கேள்வி, ஓணத்தைக் கேட்டும் அறியாத கனடாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. அங்கே உறைந்த பனித்தரையின் மீது, காலில் கூரிய தகடு பொருத்திய காலணி அணிந்து ஆடும் ஹாக்கி ஆட்டம் மிகப் புகழ் பெற்றது. 1917-இல் தோன்றிய தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பே அத்தொழில்முறை ஆட்டத்தின் தலைமைக் களம். ஆட்டத்தின் நடுவே இரு வீரர்கள் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்திலும் தலையிலும் குத்திக்கொள்வது அங்கே பழகிப்போன காட்சி. 1922-இல் இதற்கென விதி வகுத்தார்கள். அவ்விதி சண்டையை ஒழிக்கவில்லை. சண்டையிட்டவரை ஐந்து நிமிடம் வெளியே அமர்த்தி, மீண்டும் ஆடவிட்டது. 2025 பிப்ரவரியில் மாண்ட்ரியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதிய ஆட்டத்தில், தொடங்கிய ஒன்பது விநாடிக்குள் மூன்று சண்டைகள் மூண்டன.

சண்டையை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் மூன்று. இது பழைய மரபு என்பது ஒன்று. குத்து விழும் என்னும் அச்சம் இருந்தால்தான், கோலால் மறைவாகத் தாக்கும் வஞ்சகம் குறையும் என்பது இரண்டாவது. கூட்டம் இதனை விரும்புகிறது என்பது மூன்றாவது. ஆனால் ஒலிம்பிக் பந்தயத்தில் சண்டையிட்டவரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுகிறார்கள். அதனால் அங்கே ஆட்டத்தின் சுவை குன்றிவிடவில்லை. தேசிய லீக்கிலுங்கூட முன்னாள்களை நோக்கச் சண்டை வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆட்டம் நலிந்துபோகவில்லை.

கூட்டத்தின் விருப்பத்திற்கு விலை கொடுத்தவர்கள் யார்? சண்டையிடுவதற்கென்றே குழுவில் அமர்த்தப்பட்டவர் டெரெக் பூகார்ட். 2011-இல், தமது 28-ஆம் வயதில், வலிநிவாரணி மருந்தும் மதுவும் கலந்ததால் அவர் இறந்தார். மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய சிதைவு நோய் அதில் இருக்கக் கண்டார்கள். அதற்குச் சிறிது முன்னர், ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆட்டத்தின்போது, 21 வயது வீரர் ஒருவரின் தலைக்கவசம் சண்டையில் கழன்று, தலை பனித்தரையில் மோதியது. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் உயிர் நீத்தார். ஆரவாரம் செய்த கூட்டம் வீடு திரும்பிவிட்டது. மகனை இழந்த வீட்டில் துக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இனிப் பல்லசேனாவுக்குத் திரும்புவோம். முன்னொரு காலத்தில் அவ்வூர்த் தலைவர் அண்டை நாட்டானால் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார் என்றும், பழிதீர்க்க ஊரார் திரண்டெழுந்தனர் என்றும், அதன் நினைவே தல்லு என்றும் அங்கே கர்ண பரம்பரையாகச் சொல்வர். வரலாறு அதனினும் பழையதாகவே இருக்கலாம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், ஓண நன்னாளில் மதுரையின் மறவர் சேரிகள் தம்முள் பொருத செய்தி வருகிறது. அம்மறவரின் நெற்றி வடுக்களும் அதில் பேசப்படுகின்றன. நாம் குடியிருப்பு என்னும் பொருளில் வழங்கும் ‘சேரி’ என்ற சொல், மலையாளத்தில் எதிரெதிரே நிற்கும் கட்சியைக் குறிப்பதும் எண்ணத்தக்கது.

கதை எதுவாயினும், அதிலிருந்து தெரியும் உண்மை ஒன்றுண்டு. குருதி சிந்திய பகையை, முதுகில் விழும் அடியாக ஊரார் அடக்கிவிட்டார்கள். வாளைக் கீழே வைத்தார்கள். பிறகு மடக்கிய கையையும் விரித்துவிட்டார்கள். முகத்தை விட்டுவிட்டு முதுகைக் காட்டினார்கள். நிகரானவனோடுதான் மோதலாம் என்றும், பெரியவர் கை நீட்டினால் நிறுத்தியாக வேண்டும் என்றும் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். ஆகவே, தல்லில் அடியே ஆட்டம். அடிக்கு எல்லை வகுப்பதே அதன் விதி. பனித்தரையிலோ அடி ஆட்டமுமன்று, முழுக்க விலக்கப்பட்டதுமன்று. குற்றம் என்று ஒரு வாயால் சொல்லி, மறு வாயால் அதனை விற்கிறார்கள். வேறுபாடு இதுதான்.

சித்தூர் நகரமோ இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. அங்கே பகவதி கோயிலில் கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், கொங்கன் படை என்னும் திருவிழா நிகழ்கிறது. கொங்கு நாட்டரசன் படையெடுத்து வந்ததாகவும், தேவியின் அருளால் தோல்வியுற்றதாகவும் ஐதிகம். போர் ஓலை வாசிக்கப்படுகிறது; கொங்கன் குதிரைமீது வருகிறான்; வேட்டுச் சத்தம் விண்ணைப் பிளக்கிறது. இங்கே அடியும் இல்லை, காயமும் இல்லை. போரின் வடிவம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. தோற்பவன் நம் கொங்கு நாட்டான் ஆயிற்றே என்று தமிழர் சினங்கொள்ளவும் அதில் இடமில்லை. பகை கூத்தாக மாறிவிட்ட பின்னர், தோற்றவனும் அதனைப் பார்த்து மகிழலாம் அன்றோ!

அப்படியானால் தல்லுக்கு இனியும் இடமுண்டா? உண்டு என்பதே என் கருத்து, ஆனால் நிபந்தனையோடு. இறங்குபவன் தானே விரும்பி இறங்கவேண்டும். கேலிக்கு அஞ்சியோ, கட்சியின் மானத்துக்காக மற்றவர் தள்ளியோ இறங்கலாகாது. குடித்தவனுக்கும், பழைய மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ள வருபவனுக்கும் களத்தில் இடம் தரலாகாது. விலக்கிவிடும் பெரியவரின் சொல்லுக்கு மதிப்பிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அது தல்லு அன்று, வெறும் தெருச்சண்டை. அன்றைக்கு அதனைக் கைவிடத் தயங்கலாகாது. மரபு என்னும் பெயர் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது. பனித்தரைச் சண்டையோ இந்த நிபந்தனைகளில் முதலாவதிலேயே தவறிவிடுகிறது. கூலிக்காகக் குத்து வாங்குபவன் விரும்பி இறங்குகிறான் என்று எவ்வாறு சொல்வது?

வெளியூரில் வாழும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரைவிட்டு வந்தவர்கள் ஊர்த் திருவிழாவை உடன்கொண்டு செல்ல இயலாது; ஆனால் ஊரின் மனத்தாங்கல்களை எளிதில் கொண்டு சென்றுவிடுகிறோம். இன்ன குடும்பத்தோடு பேச்சில்லை, இன்ன கரையாரோடு உறவில்லை என்பதெல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் வாடாமல் இருக்கின்றன. தல்லு முடிந்தபின் களத்தைவிட்டு வெளியேறும் இருவர், மறுநாள் காலையில் ஒரே குளத்துக்குக் குளிக்கப் போகவேண்டியவர்கள். அதனால்தான் கை விரிந்தே இருக்கவேண்டும் என்று அவர்களுடைய முன்னோர் விதித்தார்கள். அயலூரில் நம் பிள்ளைகளுக்கு ஓணத்தல்லைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், அடியின் கதையோடு இந்த விதியின் கதையையும் சேர்த்துச் சொல்வோமாக.