மருந்து கேட்காமல் போனால், செல் எப்படி மாறியது என்று பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு வருஷம் நன்றாக வேலை செய்த புற்றுநோய் மாத்திரை, பிறகு ஏன் கேட்காமல் போகிறது? நுரையீரல் புற்றுநோயை வைத்துச் சொல்கிறேன். புகைக்காதவர்களுக்கும் இது வருகிறது.

சிலருடைய கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருக்கும். அவர்களுக்கு ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள் தருவார்கள். பின்னால் இவை கேட்காமல் போனவர்களில் சுமார் பாதிப் பேருக்கு, அதே மரபணுவில் இன்னொரு மாற்றம் வந்திருக்கும். அதற்கு ஓசிமெர்ட்டினிப் என்ற மருந்து இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. நம் தோல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். எது இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். புற்றுநோய் செல்லும் இப்படித் தன் நிலையை மாற்றிக்கொள்ளும்.

2010இல் அமெரிக்காவின் பாஸ்டனில், மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட செல்களை வளர்த்து, மருந்தை மிக அதிக அளவில் கொடுத்தார்கள். ஆயிரத்தில் சுமார் மூன்று செல்கள் பெருகாமல் அப்படியே தாக்குப்பிடித்தன. மருந்தை எடுத்ததும் மறுபடி வளர்ந்தன. மருந்துக்கும் மறுபடி கட்டுப்பட்டன. நிரந்தரமான மரபணு மாற்றமாக இருந்தால் இப்படித் திரும்பியிருக்காது.

இதைக் கேட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இது ஆய்வுக்கூடத் தட்டில் நடந்தது.

2011இல் அதே மருத்துவமனை, மருந்து கேட்காமல் போன 37 பேருக்கு மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்த்தது. ஐந்து பேருக்கு, கட்டி ‘சிறுசெல்’ வகையாகவே மாறியிருந்தது. பழைய ஈஜிஎஃப்ஆர் மாற்றம் அப்படியே இருந்தும், செல் வேறு வகையாகிவிட்டது. அந்த வகைக்கான கீமோதெரபி வேறு. அது சிலருக்குப் பலனும் தந்தது.

டாக்டர் மறுபடி பயாப்ஸி கேட்டால், “ஏற்கெனவே எடுத்தாச்சே, பாவம், திரும்ப எதுக்கு ஊசி?” என்கிறோம். புதிய மரபணு மாற்றத்தைச் சில சமயம் ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். செல்லின் வகை மாறியதா என்று உறுதியாகச் சொல்ல, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நோயாளியின் உடல்நிலை தாங்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாங்கும் என்றால், பழைய ரிப்போர்ட்டே போதும் என்று மறுத்துவிடாதீர்கள். அடுத்து எந்த மருந்து என்பது அந்தத் திசுவைப் பார்த்துத்தான் தெரியவரலாம்.