கண்டறிந்தவர் யார்?
(பொன்விழாக் கல்வி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறிவியல் கண்டுபிடிப்புகளின் தொடக்கம் பற்றிப் பேசச் சொல்லி எங்கள் கல்விக் குழுவைப் பணித்தார்கள். முதலில் எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

பொன்விழாவையொட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினாப் போட்டி நடத்தினோம் அல்லவா? அதில் ஒரு கேள்வி: "வாஸ்கோடகாமாவுக்கு இந்தியாவுக்கு வழிகாட்டிய முஸ்லிம் மாலுமி யார்?" விடை இப்னு மாஜித் என்று எழுதி வைத்திருந்தோம். போட்டி முடிந்ததும் உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி எங்களிடம் வந்து, "மாமா, அதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பல மேடைகளில் கேட்டது, பல மலர்களில் படித்தது. அதைத் தவிர எங்களிடம் வேறொன்றும் இல்லை.

பிறகுதான் தேடினோம். வாஸ்கோடகாமா 1498 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் மலிந்தி துறைமுகத்தில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, மே மாதம் கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது உண்மை. அந்த வழிகாட்டி குஜராத்தி முஸ்லிம் என்று போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள். இப்னு மாஜித் என்று எழுதியவர் பல பத்தாண்டுகளுக்குப் பின் மக்காவில் வாழ்ந்த ஒரு வரலாற்றாசிரியர். இப்னு மாஜித் தம் நூல்களில் அப்படி ஒரு பயணத்தைச் சொல்லவே இல்லை. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கதையை ஏற்பதில்லை. அந்தக் கேள்வியை நீக்கி, மதிப்பெண்களைத் திருத்தி, அந்த மாணவியிடமும் சொன்னோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தோம். அந்தக் கப்பலின் வழியே வந்தவர்கள்தாம் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். அந்தப் பயணத்துக்கு வழிகாட்டியது ஒரு பெருமையா என்பதே கேள்வி. இப்னு மாஜிதின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைய ராஸ் அல் கைமாவில், அன்றைய ஜுல்ஃபாரில் பிறந்த அவர், இந்தியப் பெருங்கடலில் ஓடியவர்களின் அறிவையெல்லாம் திரட்டி நூலாக்கினார். எந்த விண்மீன் எத்தனை விரல் உயரத்தில் தெரிந்தால் எந்தத் துறைமுகம் நேர்க்கோட்டில் இருக்கும், எந்தப் பருவக்காற்றில் புறப்பட வேண்டும் என்பதை எழுதி வைத்தார். அவர் பெயர் நிலைத்திருப்பது அதனால்தான். பொய்ப் பெருமை ஒன்றைச் சூட்டி அவரை உயர்த்த வேண்டியதில்லை.

பருவக்காற்று என்றதும் இன்னொரு செய்தி. ஆங்கிலத்தில் மான்சூன் என்கிறார்களே, அது 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பருவம் என்று பொருள். கிரேக்க நூல்கள் அந்தக் காற்றைக் கண்டறிந்தவர் ஹிப்பாலஸ் என்னும் மாலுமி என்று சொல்கின்றன. அதற்கு முன்பே அரபுக் கரையிலும் இந்தியக் கரையிலும் இருந்த மாலுமிகள் அந்தக் காற்றில் பாய் விரித்தவர்கள்தாம். அவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் சொன்ன பெயர் நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கு வந்த நம் பெரியவர்களுக்குக் காற்றும் கடலும் என்னவென்று தெரியும். அவர்களில் எத்தனை பேர் எழுதி வைத்தார்கள்?

பிள்ளைகளே, நீங்கள் பள்ளியில் படிக்கும் அல்ஜிப்ரா என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள 'அல் ஜப்ர்' என்ற சொல். உங்கள் கைப்பேசியை இயக்கும் அல்காரிதம் என்ற சொல் அவருடைய பெயரே. ஆனால், அவர் எண்களைத் தாமே உண்டாக்கியதாகச் சொல்லவில்லை. இந்தியக் கணக்கு முறை என்று சொல்லியே எழுதினார். பூஜ்யத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை 628-இல் பிரம்மகுப்தர் இந்தியாவில் எழுதியிருந்தார். அந்த முறை பக்தாத் சென்றது. அங்கிருந்து வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குச் சென்றது. அங்கே வணிகர்களுக்காகப் பணியாற்றிய ஓர் இத்தாலியரின் மகன் அதைக் கற்றுக்கொண்டு, 1202-இல் லத்தீனில் ஒரு பெரிய நூல் எழுதினான். அவன்தான் ஃபிபொனாச்சி. கடைக் கணக்கு எழுதிப் பிழைத்த நம் சமுதாயத்துக்கு இந்தக் கதை நெருக்கமானது. இதில் யார் கண்டுபிடித்தவர்? ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறி வந்த விளக்கு அது.

அடுத்தவர் அல் பிரூனி. பூமியின் அளவை அறிய அவருக்கு முன்னிருந்தவர்கள் பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளந்தார்கள். பிரூனி இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையைத் தேர்ந்தெடுத்தார். முதலில் கீழே நின்று மலையின் உயரத்தை அளந்தார். ஏறத்தாழ 652 முழம். பிறகு உச்சிக்கு ஏறி, தொடுவானம் சமமட்டத்தைவிட எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். வெறும் 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களையும் முக்கோணக் கணக்கையும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். ஒரு மலை, ஒரு கருவி, ஒரு கணக்கு, அவ்வளவுதான். அதே பிரூனி சமஸ்கிருதம் கற்று இந்தியாவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பிரம்மகுப்தர், வராகமிகிரர், ஆரியபட்டர் என்று பெயர் சொல்லி எழுதினார். உடன்பட்ட இடத்தில் பாராட்டினார், உடன்படாத இடத்தில் மறுத்தார். யாரிடம் கற்றோமோ அவரைப் பெயர் சொல்லி மதிக்கும் பண்பு அது.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைத்தம் பார்வையைப் பற்றி எழுதினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று அறிஞர்கள் பலர் நம்பிய காலம். அவர் அதை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருகிறது என்றார். சொன்னதோடு நிற்காமல் சோதித்துக் காட்டினார். ஒரு சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்தார். துளைக்கு அப்பாலிருந்த இருட்டில், விளக்குக்கு ஒன்றாகச் சுவரில் ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதற்கு அதுவே சான்று. பிள்ளைகள் இன்று இரவே ஓர் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை இட்டு இதைச் செய்து பார்க்கலாம். முன்னோர் எழுதியதென்று எதையும் அப்படியே ஏற்காமல், ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை. தாலமியின் தவறுகளைப் பட்டியலிட்டு ஒரு நூலே எழுதினார். "ஆதாரம் என்ன?" என்று எங்களைக் கேட்ட அந்த மாணவி, தன்னை அறியாமலே அவருடைய மாணவியாகிவிட்டாள்.

கடைசியாக இப்னு நஃபீஸ். திமிஷ்கில் மருத்துவம் கற்றுக் கெய்ரோவில் பணியாற்றியவர். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே பாடம். இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கு 1242-இல் விளக்கவுரை எழுதிய இப்னு நஃபீஸ், அந்தச் சுவரில் துளை ஏதும் இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அங்கே காற்றோடு கலந்து இடப்பக்கம் திரும்புகிறது என்று எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஐரோப்பாவில் இதே கருத்து 1553-இல் அச்சில் வந்தது. உடல் முழுவதுமான இரத்த ஓட்டத்தை ஹார்வி 1628-இல் விளக்கினார். இப்னு நஃபீஸின் ஏடு என்னவாயிற்று? 1924-இல் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி, பெர்லின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் படியைக் கண்டெடுத்த பிறகுதான் உலகம் மீண்டும் அவரை அறிந்தது. ஏறத்தாழ 680 ஆண்டுகள்! எழுதி வைத்தார், ஏடும் பிழைத்தது. திறந்து படிக்க ஆள் வர இவ்வளவு காலம் ஆயிற்று.

பெரியோர்களே, இங்கேதான் நம் சங்கத்துக்கு வருகிறோம்.

இந்த மலருக்காக முதல் செயலவையின் புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்தோம். பதினொரு பேர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். பின்புறம் பெயர் எதுவும் இல்லை. தொடக்க கால நடவடிக்கைக் குறிப்பேடு இருந்த பெட்டியைத் திறந்தால், பாதியைக் கரையான் தின்றிருந்தது. எஞ்சிய பக்கங்களைக் கொண்டு எட்டுப் பேரை அடையாளம் கண்டோம். அன்று இளைஞராக இருந்து, இன்று நம்மோடிருக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் படத்தைக் கொண்டுபோனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். இடக்கோடியில் இருப்பவரைக் காட்டி, "இவர்தான் இரவு வகுப்புக்கு மண்ணெண்ணெய் விளக்கு வாங்கிக் கொடுத்தவர். பேர் நாக்கு நுனியில் நிற்குதுப்பா, வரமாட்டேங்குது" என்றார். அவர் கண் கலங்கியது. எங்களுக்கும் பேச்சு வரவில்லை.

மலரில் அந்தப் படத்தின் கீழே பத்துப் பெயர்கள் இருக்கும். பதினோராவது இடம் வெறுமையாக இருக்கும். ஏதாவது ஒரு பெயரைப் போட்டு நிரப்பிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். இப்னு மாஜித் விஷயத்தில் பட்டது போதும். உங்களில் எவர் வீட்டு அலமாரியிலாவது அதே படம் இருக்கலாம், பின்புறம் பெயரோடு. தேடிப் பாருங்கள்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். இந்த ஆண்டுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தார், முதலில் எங்கே வேலை செய்தார், யார் கைகொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். நான்கு பக்கம் போதும். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். உதவியவரின் பெயரை விட்டுவிடாதீர்கள். சங்க நூலகத்தில் அவற்றை அடுக்கி வைக்கும் பொறுப்பைக் கல்விக் குழு ஏற்கிறது. எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் கேட்கும் கேள்வி நல்ல கேள்வியாக இருக்கும்.

நூறாம் ஆண்டு மலரைத் தயாரிக்கப் போகிறவர்கள் இன்று இந்த மண்டபத்தில் ஓடி விளையாடும் குழந்தைகள். அவர்கள் நம் புகைப்படத்தைப் பார்த்து "இது யார்?" என்று கேட்கும்போது, அதற்குப் பதில் இருக்க வேண்டும். இறைவன் அதற்கு அருள்புரிவானாக.

வஸ்ஸலாம்.