பிங்க் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சு. சீசன்னா நம்ம பிள்ளைகளுக்கு அருவி பாதி, பேரருவிக்குப் போற வழியில இருக்கிற பொம்மைக் கடை பாதி. அதனால இன்னைக்குப் பேச்சு பொம்மையைப் பத்தித்தான். குறிப்பா, "பெண் பிள்ளைகளுக்கு"ன்னு தனியா விக்கிற பில்டிங் செட் பத்தி.

எனக்கு அஞ்சு வயசுல ஒரு மக. கடையில பில்டிங் செட் கேட்டா, "பாப்பாவுக்கா, தம்பிக்கா?"ன்னுதான் அண்ணாச்சி முதல்ல கேக்குறாரு. தம்பிக்குன்னா நட்டு, போல்ட், ஸ்பானரோட ஒரு கிரேன். பாப்பாவுக்குன்னா பிங்க் பெட்டியில ஒரு ஐஸ்கிரீம் கடை. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? பெட்டியே அப்படித்தான் வருது.

இது குற்றாலத்துக் கதை மட்டும் இல்ல. லெகோ 1981-ல ஒரு விளம்பரம் போட்டாங்க. ஜீன்ஸ் போட்ட ஒரு சின்னப் பொண்ணு, தான் கட்டினதைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும். 2012-ல அதே கம்பெனி பெண் பிள்ளைகளை மனசுல வச்சு 'லெகோ ஃபிரண்ட்ஸ்' கொண்டு வந்தாங்க. பெரிய சர்ச்சை ஆச்சு. ஆனா அந்தக் கட்டைகள் மத்த லெகோ கட்டைகளோட அப்படியே பொருந்தும். மாறினது பொம்மை மனுஷங்கதான். பழைய லெகோ ஆளுக்கு ரெண்டு காலும் தனித்தனியா அசையும், கை திரும்பும். புது பொம்மைக்கு ரெண்டு காலும் சேர்ந்துதான் அசையும், கை திரும்பாது. பாக்க அழகு, செய்யிற வேலை கம்மி. நான் கவனிக்கச் சொல்றது இந்த வித்தியாசத்தைத்தான், கலரை இல்ல.

அதே 2012-ல அமெரிக்காவுல டெபி ஸ்டெர்லிங்னு ஒரு இன்ஜினியர் 'கோல்டிபிளாக்ஸ்' கொண்டு வந்தாங்க. ஒரு கதைப் புத்தகம், கூடவே சக்கரம், ரிப்பன். கதையில வர்ற பொண்ணு மாதிரி நீங்களும் ரிப்பனைச் சுத்தி சக்கரத்தை ஓட்டணும். பெல்ட் டிரைவ் எப்படி வேலை செய்யுதுன்னு கை கத்துக்கும்.

பெண்கள் இன்ஜினியரிங் பக்கம் வரணும்ங்கிறதுதான் அங்க பேச்சு. நம்ம ஊர்ல கணக்கு வேற. என் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புல பொண்ணுங்களுக்குக் குறைச்சலே இல்ல. மெக்கானிக்கல் வகுப்புல விரல் விட்டு எண்ணிரலாம். நான் மூணாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கும்போது வீட்ல மிக்ஸி நின்னுபோச்சு. ஸ்க்ரூடிரைவர் யார் கைக்குப் போச்சு தெரியுமா? பத்தாவது படிச்ச என் தம்பி கைக்கு. யாரும் என்னைத் தடுக்கல. யாருக்கும் என்னைக் கூப்பிடத் தோணல, அவ்வளவுதான். டிகிரி கிடைச்சிருது, ஸ்க்ரூடிரைவர் கிடைக்க மாட்டேங்குது.

அதுக்காகச் செப்புச் சாமானைத் தூக்கிப் போடச் சொல்லல. அம்பாசமுத்திரம் மரச்செப்புல வளர்ந்தவதான் நானும். கடைசல் பிடிச்சு, அரக்குச் சாயம் ஏத்தின அடுப்பு, குடம், திருகை... அது கற்பனைக்கு நல்ல தீனி. ஆனா செய்யிற வேலையெல்லாம் பட்டறையிலேயே முடிஞ்சிருது.

அதனால பெட்டியை வாங்கும்போது நான் பாக்குறது இதுதான்: கழட்டி வேற ஒண்ணு செய்ய முடியுமா? அசையிற பாகம் இருக்கா? இல்ல, ரெண்டு துண்டைச் சேர்த்து ஸ்டிக்கர் ஒட்டினா முடிஞ்சுதா? இதுல தேறினா பிங்க் பெட்டியும் சரிதான். என் மகளுக்குப் பிங்க்தான் பிடிக்கும், அது அவ இஷ்டம்.

கடைசியில அந்தக் கிரேனை வாங்கினோம். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்பானர்?"னு எங்க அத்தை கேட்டாங்க. இப்ப கிரேன் கொக்கியில செப்புக் குடத்தை மாட்டித் தண்ணி இறைச்சுக்கிட்டு இருக்கா. குடம் கனம் தாங்காம கிரேன் சாஞ்சதும், பின்பக்கம் அம்மிக்கல்லை வச்சுக் கட்டினா. நான் சொல்லிக் குடுக்கல.

உங்க வீட்ல அடுத்த தடவை ஏதாவது ரிப்பேர்னா, பிளக்கை உருவிட்டு, பக்கத்துல மகளையும் கூப்பிடுங்க. டார்ச் பிடிக்க மட்டும் வேண்டாம், ஸ்க்ரூவைக் கழட்டவும் விடுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.