வகுப்பறைக்குள் வரும் பொறியும் நம் மொழியும்

(தமிழாசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவு)



புதிய தொழில்நுட்பம் பள்ளி வகுப்பறையை எங்ஙனம் மாற்றும் என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இப்பொருளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். பொறி வந்துவிட்டது, இனிக் கரும்பலகை வேண்டா, ஆசிரியர் வேண்டா, ஏன், பள்ளியே வேண்டா என்று ஆர்ப்பரிப்போர் ஒரு கட்சி. பொறி என்றாலே பிள்ளைகளைக் கெடுப்பது என்று கதவடைப்போர் மறு கட்சி. இவ்விரு கட்சியாரும் கேளாத கேள்விகள் இரண்டுண்டு. அப்பொறி நம் பிள்ளைகளிடம் எம்மொழியில் பேசப் போகின்றது? எவருடைய உடைமையாக இருந்துகொண்டு பேசப் போகின்றது? யான் இவ்விரண்டையும் விடாது பற்றிக்கொண்டு பேச விழைகின்றேன்.

பள்ளியைப் பொறி விழுங்கிவிடும் என்னும் பேச்சு நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கப் புதுப்புனைவாளர் எடிசன் 1913-ஆம் ஆண்டிலேயே, திரைப்படம் வந்தபின் பள்ளிகளில் நூல்களுக்கு வேலையிராது என்றும், பத்தாண்டுக்குள் பள்ளிக்கல்வியே முற்றும் மாறிவிடும் என்றும் சொன்னார். அதன்பின் வானொலி வந்தது. 1950-களில் ஆர்வர்டு பல்கலைக்கழக உளவியலறிஞர் இசுக்கின்னர் 'கற்பிக்கும் பொறி' ஒன்றைச் செய்து காட்டினார். தொலைக்காட்சி வந்தது, மேசைக்கணினி வந்தது. இவற்றுள் ஒன்றேனும் ஆசிரியரை வெளியேற்றவில்லை. ஆயினும் ஒன்றும் நிகழவில்லை என்று சொல்லிவிடவும் இயலாது. ஒவ்வொரு பொறியும் வரும்போது, பாடத்தை எவர் எழுதுவது, எங்கிருந்து அனுப்புவது என்னும் ஆளுகை சிறிது சிறிதாக வகுப்பறைக்கு வெளியே நகர்ந்து சென்றது.

நம் கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன். 1975 ஆகத்து முதல் 1976 சூலை முடிய ஓராண்டுக் காலம், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவும் கூடிச் செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சி ஆய்வொன்றை நடத்தின. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பெற்றன. காலையில் பள்ளிப் பிள்ளைகட்குப் பாடம். மாலையில் உழவர்க்கும் தாய்மார்க்கும் செய்தி. தெலுங்கு, கன்னடம், ஒரியா, இந்தி ஆகிய மொழிகளில் அது பேசிற்று. பின்தங்கிய வட்டாரங்கள் எனத் தேர்ந்த இடங்கள் அவை. ஆகலின் தமிழ் அதில் இடம்பெறாமை பற்றி யான் ஈண்டுக் குறைகூற வரவில்லை. யான் சொல்ல வருவது வேறு. அந்தச் செயற்கைக்கோள் அமெரிக்காவினுடையது. ஓராண்டுக்கு இரவல் தரப்பட்டது. ஆண்டு முடிந்ததும் கோளை அவர்கள் தங்கள் நாட்டுப் பக்கம் நகர்த்திக் கொண்டனர். நேற்றுவரை வானிலிருந்து பாடம் பெற்ற ஊர்கட்கு அவ்வழி அடைபட்டது. இரவல் கோளில் நடந்த பள்ளி அது. அந்தப் பட்டறிவுதான் பின்னர் நமக்கெனக் கோள் வேண்டும் என்னும் முனைப்பிற்கு உரமாயிற்று. கல்விக்கெனவே 'எடுசாட்டு' என்னும் கோள் 2004-இல் ஏவப்பட்டது. இன்று நம் பள்ளிகளுக்கு வரும் புதுப்பொறியும் இரவல் கோள்தான் என்பதை நெஞ்சில் இருத்திக் கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் நடந்தவற்றை நீங்களே அறிவீர்கள். 2011-இல் மேனிலைப்பள்ளி மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கட்டங்கட்டமான குறியீடு அச்சாயிற்று. திறன்பேசியை அதன்மேற் காட்டினால் பாடம் படமாக ஓடும். அப்படங்கள் இருந்த நடுவணரசின் தளத்திற்கு வைத்த பெயர் 'தீக்சா' என்பது. பெயர் வைக்கும்போதே எம்மொழியை நினைக்கின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை கொண்டுவந்த செயலிக்கு, திருக்குறளின் கல்வி அதிகாரத்திலிருந்து 'மணற்கேணி' என்று பெயரிட்டது. அஃது உளங்குளிர வரவேற்கத்தக்கது. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 22,000-க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர்கட்குக் கைக்கணினிகளும் என 2024-இல் திட்டங்கள் வந்தன. கருவிக்குக் குறையில்லை என்க.

கருவி மட்டும் போதுமா என்பதற்கு விடையும் நம்மிடமே உண்டு. 2020 மார்ச்சில் மகுடைத் தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றன. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகட்கு வகுப்பறை மீண்டும் திறந்தது 2021 நவம்பரில்தான். இடையில் கல்வித் தொலைக்காட்சி ஓடிற்று. திறன்பேசியில் வகுப்பு நடந்தது. ஒரே பேசியை வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் மாறிமாறிப் படித்த வீடுகள் எத்தனை! பேசியே இல்லாத வீடுகள் எத்தனை! எழுத்து மறந்த பிள்ளைகளை மீட்க 2021 அத்தோபரில் அரசு எதனை நாடிற்று? 'இல்லம் தேடிக் கல்வி' என்று, தெருத்தோறும் தன்னார்வலரைத்தான் நாடிற்று. மாலைதோறும் ஒரு திண்ணை, ஒரு தமக்கை, சுற்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள். பொறி விட்ட இடத்தை மாந்தர் வந்தே நிரப்பினர்.

இனி, இப்போது வந்துள்ள பொறிக்கு வருவோம். 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்த சாட்சிபிடி என்னும் உரையாடு பொறியும், அதன்பின் வரிசையாக வந்தனவும் முந்தியவற்றினும் வேறானவை. திரைப்படமும் தொலைக்காட்சியும் பேசின, பிள்ளை கேட்டது. இப்பொறியோ பிள்ளை கேட்பதற்கு விடை சொல்கின்றது, விளங்கவில்லை என்றால் வேறுவகையாகச் சொல்கின்றது, சினங்கொள்வதில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இருவரே பார்க்கும் நிலையை எண்ணுங்கள். மூன்றாம் வகுப்பிற்குக் கணக்குச் சொல்லும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வகுத்தலில் எங்கே இடறுகின்றது என்று ஆசிரியர் எங்ஙனம் காண்பார்? அங்கே ஒரு பொறி உடனிருந்து, இடறுமிடத்தைக் காட்டுமாயின் அதை யான் ஏன் மறுக்க வேண்டும்? பார்வையற்ற பிள்ளைக்கு நூலைப் படித்துக் காட்டுமாயின், பேச்சை எழுத்தாக்கிக் கேளாத பிள்ளைக்குக் காட்டுமாயின், அதை மறுப்பது கொடுமையன்றோ!

ஆனால் அது தமிழில் அவ்வாறு செய்யுமா? இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

இப்பொறி மெய் எது, பொய் எது என்று ஆராய்ந்து விடை சொல்வதன்று. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் கூடும் என்று கணித்துக் கணித்துத் தொடுப்பது. ஆகலின் எம்மொழியில் மிகுதியாகப் படித்ததோ அம்மொழியில் நன்கு பேசும். இணையப் பக்கங்களுள் ஏறத்தாழப் பாதி ஆங்கிலம். தமிழோ ஒரு விழுக்காட்டிற்கும் மிகமிகக் கீழே. அந்தச் சிறுபங்கிலும், ஆங்கிலச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததும், பாதி ஆங்கிலம் கலந்ததும் எத்தனை! அதைப் படித்த பொறி 'நல்ல நாளைக் கொண்டிருங்கள்' என்று எழுதாமல் வேறெப்படி எழுதும்? அத்தமிழைப் பத்தாண்டு நாடோறும் படிக்கும் பிள்ளை, அதுவே தமிழ் என்று கொள்ளும். நாம் ஒரு நூற்றாண்டாகப் பிறமொழிச் சொல்லை எதிர்த்து நிற்கின்றோம்; இனி வருவது சொல்லெல்லாம் தமிழாய்த் தோன்றித் தொடரமைப்பெல்லாம் ஆங்கிலமாய் இருக்கும் மொழி. அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

எழுத்தைப் பாருங்கள். முதல் வகுப்பில் நாம் என்ன கற்பிக்கின்றோம்? உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு; இவை முப்பதும் முதலெழுத்து; க் என்னும் மெய்யும் அ என்னும் உயிரும் கூடிக் 'க' ஆயிற்று என்று. தொல்காப்பியர் முதல் வரும் முறை இது. உலகக் கணினிகள் யாவும் இன்று பின்பற்றும் ஒருங்குகுறியில் 1991-இல் தமிழ் இடம்பெற்றபோது, இந்திய மொழிகட்கெல்லாம் ஒரே அச்சாகத் தேவநாகரி முறையில் வகுத்த குறிமுறையையே அடியொற்றி அமைத்தனர். அதன்படி அகரமேறிய 'க'தான் முதல். அதன்மேற் புள்ளியை ஒட்டவைத்தால் 'க்'. தலைகீழ்ப் பாடம்! வரிசையையும் கெடுத்தனர். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவில் கிரந்த எழுத்தொன்று. கடைசியில் நிற்க வேண்டிய னகரம் நகரத்தின் பக்கத்தில். தனியே வரிசைமுறை எழுதிக் கொடுத்தாலன்றி, பொறி அடுக்கும் அகரமுதலியில் சொற்கள் நம் முறைப்படி நில்லா.

இது வெறும் இலக்கணப் பூசல் என்று எண்ணற்க. இதற்கு விலையுண்டு. 'கற்றல்' என்னும் சொல்லில் நம் காதுக்கும் கண்ணுக்கும் எழுத்து நான்கு. ஒருங்குகுறியில் அது ஆறு குறிகள். இணையத்தில் பெரிதும் வழங்கும் முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும், ஆகப் பதினெட்டு. ஆங்கில எழுத்துக்கோ ஒன்றுக்கு ஒன்றே. உரையாடு பொறிகள் சொல்லைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி எண்ணுகின்றன. வணிக முறையில் பயன்கொள்வோரிடம் அத்துண்டுக் கணக்கிலேயே கட்டணமும் வாங்குகின்றன. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரு துண்டு. தொடக்கத்தில் வந்த பொறிகளில் தமிழ்ச் சொல் ஒன்று பத்துக்கு மேற்பட்ட துண்டாகவும் சிதறிற்று. பின்வந்தவற்றில் சிதறல் குறைந்துள்ளது, ஒழியவில்லை. அதாவது ஒரே பாடத்தை ஒரே பொறியிடம் தமிழில் கேட்கும் பள்ளி கூடுதற் செலவும், ஆங்கிலத்தில் கேட்கும் பள்ளி குறைந்த செலவும் ஏற்கும். தமிழ்வழிப் பிள்ளை மீது எவரும் சட்டமியற்றாமலே விழும் வரி இது!

தமிழ்வழிக் கல்வியை எதிர்ப்போர் நெடுநாளாக ஒரே பல்லவியைப் பாடி வருகின்றனர். தமிழில் அறிவியல் நூல் இல்லை. உயர்கல்விக்கு நூல் வரட்டும், பிறகு பார்ப்போம் என்பது அது. இல்லை என்பதே பொய். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. இவற்றை மறந்துவிட்டாலும், இப்போது அந்தப் பல்லவிக்கு இடமே இல்லை. ஒரு நூலைப் பொறி சில நொடியிற் பெயர்த்துத் தரும். புலமையுடையார் இருவர் அமர்ந்து திருத்தினால் சில கிழமைகளில் பாடநூல் ஆயத்தம். முன்பு பல ஆண்டு எடுத்த வேலை. இந்த வாய்ப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு தமிழ்வழியை மேலே கொண்டு செல்வோமா, அல்லது பொறி ஆங்கிலத்தில்தான் நன்றாகப் பேசுகின்றது, ஆகவே பிள்ளையை ஆங்கிலவழியில் சேர் என்று பெற்றோரை இன்னுமொரு முறை ஏமாற்ற விடுவோமா? அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகிவிட்ட காலத்தில் இது பொழுதுபோக்குக் கேள்வியன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப்பாடமாகக் கட்டுரை எழுதி வா என்று சொல்லி மதிப்பெண் இடும் காலம் போய்விட்டது. பொறி எழுதிக் கொடுக்கும். பிள்ளை படியெடுத்து வரும். இனிக் கட்டுரை வகுப்பறையில், கையால், உங்கள் கண்முன் எழுதப்பெற வேண்டும். எழுதியதைப் பிள்ளை எழுந்து நின்று விளக்க வேண்டும். மற்றொன்று: இப்பொறியிடம் ஒரு பொருள் பற்றிக் குறள் கேட்டால், வள்ளுவர் எழுதாத ஒன்றைத் தானே கட்டி, எண்ணும் இட்டுத் தருவதுண்டு, புறநானூற்றுப் பாடலை வேறொரு புலவர்க்கு உரியதாக்குவதுண்டு. கூச்சமின்றிச் சொல்லும். அதை வகுப்பிலேயே கேட்டுக் காட்டுங்கள். மூலநூலைப் பிள்ளைகள் கையிற் கொடுத்துப் பிழையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த இலக்கிய வகுப்பு யான் அறியேன்.

அரசிடம் கேட்க வேண்டியவை பல. அகரமுதலித் திட்டத்தின் சொற்செல்வமும், பாடநூற் கழகம் வெளியிட்ட நூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூல்களும் பொறி கற்பதற்குரிய நல்ல தமிழாகத் தொகுக்கப்பெற வேண்டும். அதைக் கொண்டு அரசே, நம் பல்கலைக்கழகங்களில், நமக்கு உடைமையான பொறியைப் பயிற்றுவிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்99 விசைப்பலகையிற் பயிற்சி வேண்டும். உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் என வகுத்த அருமையான முறை அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. அதிருக்க, நம் பிள்ளைகள் 'அம்மா' என்பதை உரோமன் எழுத்தில் தட்டிக்கொண்டிருக்கின்றனர்.

அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்கவும் வேண்டா. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோதும், சிங்கையில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றியபோதும் எந்தக் கோட்டையிலிருந்தும் ஆணை வரவில்லை. தனித் தமிழர் சிலர் தம் உழைப்பைக் கொட்டினர். இங்கே வந்துள்ள ஆசிரியர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றுண்டு. உங்கள் வகுப்பில் பிள்ளைகள் தமிழில் கேட்ட கேள்விகளையும், பொறி தந்த விடையில் இருந்த பிழைகளையும், அதைத் திருத்திய நல்ல தமிழையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அறிவியல் ஆசிரியர் தம் பாடத்தில் பொறி ஆண்ட கலைச்சொல்லையும், அதற்குத் தக்கது என்று தாம் கருதும் சொல்லையும் குறித்து வைக்கட்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை அக்குறிப்பேடுகளைக் கொண்டுவந்து இதே இடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம். தேர்ந்தவற்றைத் தொகுத்து, எவரும் எடுத்துப் பயன்கொள்ளுமாறு இணையத்தில் ஏற்றும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்க வேண்டும். முதற் குறிப்பேட்டை எந்தப் பள்ளி தருகின்றது என்று அவை கலையுமுன் பெயர் கொடுங்கள்.