வைப்பும் காப்பும்

மாதாப்பூரிலிருந்து தென்மேற்கே சில கல் தொலைவு சென்றால் நானக்ராம்கூடா என்னும் இடம் வரும். முப்பது ஆண்டுகளுக்கு முன் இப்பக்கமெல்லாம் பாறையும் புதருமாகவே இருந்தது. 1998-ஆம் ஆண்டு மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பிறகுதான் உலகப் பெரும் பாங்குகளின் கணக்கு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக இங்கு வந்து சேர்ந்தன. நானக்ராம்கூடாவின் நிதி வட்டாரத்தில் இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த ஆணையம், 2001-இல் டில்லியை விட்டு ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. பாங்குகளைக் கண்காணிக்கும் ரிசர்வ் பாங்கோ மும்பையில் இருக்கிறது.

மக்களின் சேமிப்பைக் காக்க இரண்டு காவலர்கள் எதற்கு? ஒருவர் போதாதா? இக்கேள்வி நியாயமானதே. சிங்கப்பூரில் பாங்குகளையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் ஒரே நிதி ஆணையமே மேற்பார்வை செய்கிறது. நம் நாட்டிலோ இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அதிகாரி. இந்தப் பிரிவினைக்குள் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. அதை அறியாமையால் சாதாரணக் குடும்பத்தினர் நஷ்டமடைவதையும் நாம் காண்கிறோம்.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. சர்க்கார் தாள்களில் டெபாசிட் என்று வரும் இடத்தில் வைப்பு என்று எழுதுவது வழக்கம். அழகிய சொல்தான், ஆயினும் அது சற்றே ஏமாற்றும் சொல் என்பது நமது அபிப்பிராயம். வைப்பு என்றவுடன், நாம் வைத்த பணம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது என்ற எண்ணம் தோன்றுகிறது. சட்டத்தின் பார்வையில் அது வைப்பு அன்று, கடன். டெபாசிட் செய்தவர் பாங்குக்குக் கடன் கொடுத்தவராகிறார். அவர் கொடுத்த நூறு ரூபாயில் ஏறத்தாழ 3 ரூபாய் ரிசர்வ் பாங்கில் ரொக்கமாக இருக்க வேண்டும். 4 சதவீதமாக இருந்த இந்த அளவு 2025-இல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. இன்னும் 18 ரூபாய் சர்க்கார் பத்திரங்களிலும் அவை போன்ற பத்திரமான முதலீடுகளிலும் இருக்கும். மீதியின் பெரும்பகுதி வீட்டுக் கடனாகவும் ஆலைக் கடனாகவும் வெளியே போய்விடுகிறது.

வீட்டுக் கடன் திரும்பி வர இருபது ஆண்டு ஆகும். டெபாசிட்தாரரோ நாளைக் காலையிலேயே வந்து நிற்கலாம். எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால், உலகில் எந்தப் பாங்காலும் தாக்குப் பிடிக்க முடியாது. அது நேர்மையாக நடந்த பாங்காக இருந்தாலும் சரியே. பாங்கு நிற்பது நம்பிக்கையின்மேல் என்று சொல்வது வெறும் புகழுரை அன்று. கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

தமிழர்களாகிய நாம் இதைப் பெருஞ் செலவில் கற்றவர்கள். 1906 அக்டோபரில் சென்னை ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியபோது, ஓய்வூதியக்காரர்களும் கைம்பெண்களும் போட்டிருந்த பணம் அதனோடு போயிற்று. அதன் தலைவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது; பணம் போட்டவர்களுக்கு அதனால் வயிறு நிறையவில்லை. அந்த வேதனையிலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கு பிறந்தது. ஆனால் டெபாசிட்தாரரைக் காக்கும் சட்டம் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960 ஆகஸ்டில் கேரளத்துப் பாலை மத்திய பாங்கு, ரிசர்வ் பாங்கின் மனுவின்பேரில் கலைக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த கலக்கத்தின் பயனாக இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று, தள்ளாடும் பாங்கை நிறுத்திவைத்து வேறொரு பாங்கோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம். பாங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அது. மற்றொன்று டெபாசிட் இன்ஷூரன்ஸ். 1962 ஜனவரி முதல் ஒருவருடைய டெபாசிட்டுக்கு 1,500 ரூபாய் வரை ஈடு உண்டு என்று தொடங்கிய அத்திட்டம், 1993-இல் 1 லட்சமாகவும் 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் உயர்ந்தது. வட்டியும் அசலும் சேர்ந்தே இத்தொகை. ஒரே பாங்கின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே கணக்குத்தான். இதற்கான சந்தாவைப் பாங்கே செலுத்துகிறது.

45-ஆம் பிரிவு செயற்படுவதை ஐதராபாத் நேரில் பார்த்தது 2004-இல். இரட்டை நகரமான செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1994-இல் தொடங்கிய குளோபல் டிரஸ்ட் பாங்கு, புதிய தனியார் பாங்குகளில் முன்வரிசையில் நின்றது. பங்குச் சந்தையை நம்பி அது கொடுத்த கடன்கள் 2001-இன் சரிவில் சிக்கின. அதே ஆண்டு யூ.டி.ஐ. பாங்கோடு இணைவதாக இருந்த ஏற்பாடும் முறிந்தது. 2004 ஜூலை 24, சனிக்கிழமை, அப்பாங்கின் மீது மொரட்டோரியம் விதிக்கப்பட்டது. ஒருவர் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்பது உத்தரவு.

மொரட்டோரியம் என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்குத் தாமதம் என்பதே பொருள். இத்தகைய ஆணையைக் கேட்கும் மக்களின் காதில் அது மரணச் செய்தியாக விழுகிறது. நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வழங்கிவந்தால் பீதி பாதியாகக் குறையும் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் நடந்தது என்ன? திங்கட்கிழமையே, பொதுத்துறையைச் சேர்ந்த ஓரியண்டல் பாங்க் ஆஃப் காமர்ஸோடு இணைக்கும் திட்டம் வெளியாயிற்று. ஆகஸ்ட் 14 முதல் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. டெபாசிட்தாரர்கள் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லாபம் வரும்போது பங்கு கேட்பவர்கள் நஷ்டத்தில் முதலில் நிற்க வேண்டும் என்பது முறைதான். எனினும், ஏறி மிதிக்கப்பட்ட கடன்களின் சுமையைப் பொதுத்துறைப் பாங்கு ஒன்று தோளில் ஏற்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்குக்கும் 2020 நவம்பரில் இதே வழிதான்; 25,000 ரூபாய் வரம்பு, பத்து நாளில் டி.பி.எஸ். பாங்கோடு இணைப்பு, பங்குதாரர் முதலீடு பூஜ்யம்.

எல்லாப் பாங்குக்கும் இப்படிக் கைகொடுக்க ஆள் கிடைப்பதில்லை. 2019-இல் முடங்கிய பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவுப் பாங்கின் டெபாசிட்தாரர்களில், 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் மீதிப் பணத்துக்குப் பத்தாண்டு வரை தவணை பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

இனி இன்ஷூரன்ஸுக்கு வருவோம். இங்கு கணக்கு தலைகீழ். முப்பது வயதில் ஒருவர் எடுக்கும் ஆயுள் பாலிசிக்கு ஆண்டுதோறும் ஒரே பிரீமியம். இளமையில் சாவு அரிது. ஆகவே முதல் ஆண்டுகளில் அவர் செலுத்துவது தேவைக்கு மிஞ்சியது. அந்த மிச்சத்தை வட்டியோடு வளர்த்துவைத்துத்தான், முதுமையில் வரும் கோரிக்கைகளைக் கம்பெனி தீர்க்க வேண்டும். யாரும் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். ஆகவே இன்ஷூரன்ஸ் கம்பெனி பாங்கைப்போல் ஓர் இரவில் விழுவதில்லை. அது ஓசையின்றி உள்ளே அரிக்கப்பட்டு விழுகிறது. புதிய பிரீமியம் வந்துகொண்டிருக்கும் வரையில், சேமநிதி தேய்வது வெளியாருக்குத் தெரியாது. பாங்கின் வாசலில் கூட்டம் கூடினால் ஊரே அறியும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நோயை ஆக்சுவரி என்னும் கணிப்பாளர்தான் கணக்குப் போட்டுக் கண்டறிய வேண்டும்.

இது கற்பனை அச்சம் அன்று. 1956 ஜனவரி 19 அன்று நிதி மந்திரி சி. டி. தேஷ்முக், ஆயுள் இன்ஷூரன்ஸை நாட்டுடைமையாக்கும் முடிவை வானொலி வழியாகவே நாட்டுக்கு அறிவித்தார். முந்தைய பத்தாண்டில் இருபத்தைந்து கம்பெனிகள் கலைந்தன என்றும், இன்னும் இருபத்தைந்து கம்பெனிகள் சொத்தைக் கரைத்துவிட்டதால் வேறு கம்பெனிகளுக்கு மாற்றப்பட நேர்ந்தது என்றும் அவர் எடுத்துச் சொன்னார். இந்தியக் கம்பெனி 154, வெளிநாட்டுக் கம்பெனி 16, பிராவிடண்ட் சங்கம் 75, ஆக 245 ஸ்தாபனங்கள் சேர்ந்து அவ்வாண்டு செப்டம்பரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் ஆயின. மோசடியே இல்லாமலும் கம்பெனி அழியலாம் என்பதற்கு ஜப்பான் சான்று. உயர்ந்த வட்டியை உறுதி செய்து பாலிசிகளை விற்ற பிறகு, அங்கே நாட்டின் வட்டி விகிதம் அடிமட்டத்துக்கு இறங்கிற்று. 1997 முதல் 2001 வரை ஏழு ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வீழ்ந்தன. பாலிசிதாரருக்கு வாக்களித்த வட்டியும் வெட்டப்பட்டது.

ஆகவே ஐதராபாத்திலுள்ள ஆணையம் பார்ப்பது வேறு. கொடுக்க வேண்டிய கடமைகளின் மதிப்புக்கு மேல் சொத்து எவ்வளவு மிகையாக இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டப்படி ஒரு கணக்கு உண்டு. அத்தொகையைப்போல் ஒன்றரை மடங்கு ஒவ்வொரு கம்பெனியும் எப்போதும் வைத்திருக்க வேண்டும். ஆயுள் இன்ஷூரன்ஸ் நிதியில் பாதிக்குக் குறையாமல் சர்க்கார் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பிற பத்திரங்களிலும் இருக்க வேண்டும். நிலைமை முற்றினால் கம்பெனியை நடத்த நிர்வாகி ஒருவரை அமர்த்தவும் வழி உண்டு.

இத்தனையும் நோய் வராமல் தடுக்கும் மருந்துகள். நோய் வந்தபின் டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் போன்ற ஈடு, பாலிசிக்கு இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனுக்கு மட்டும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு மத்திய சர்க்காரின் உத்தரவாதத்தைத் தருகிறது. தனியார் கம்பெனிகளின் பாலிசிகளுக்கு அத்தகைய உத்தரவாதம் கிடையாது. ஆணையத்தின் விழிப்பே அவற்றுக்கு அரண்.

இந்த இரண்டு உலகங்களும் இன்று ஒரே மேஜையில் சந்திக்கின்றன. பாங்குகள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் முகவர்களாகிக் கமிஷன் பெறுகின்றன. சட்டம் அனுமதித்த தொழில்தான். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அந்த எல்லைக்கோட்டைக் காண்பதில்லை. நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முதிர்ந்த 3 லட்ச ரூபாய் டெபாசிட்டைப் புதுப்பிக்கச் சென்றார். கூடுதல் லாபம் தரும் திட்டம் என்றார்கள், கையொப்பமிட்டார். பத்து மாதம் கழித்து அடுத்த பிரீமியத்துக்கு நினைவூட்டு வந்தபோதுதான், தாம் வாங்கியது ஐந்தாண்டு பிரீமியம் செலுத்த வேண்டிய பாலிசி என்று அறிந்தார். அவர் பழகிய அதே கட்டடம், அதே நாற்காலி, அதே புன்னகை. பணம் மட்டும் ஒரு சட்டத்தை விட்டு மற்றொரு சட்டத்துக்குள் போய்விட்டது. டெபாசிட் ஈடும் அந்தக் கணமே நீங்கிற்று. பாங்கு என்றால் மும்பையைக் கேட்க வேண்டும், பாலிசி என்றால் ஐதராபாத்தைக் கேட்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்தபின், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க ஓர் அவகாசம் உண்டு. ஆசிரியை வாங்கிய காலத்தில் அது 15 நாள். 2024-ஆம் ஆண்டு விதிகள் அதை 30 நாள் ஆக்கியிருக்கின்றன. அந்த அவகாசத்துக்குள் திருப்பினால் சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பிவிடும். அவ்வாண்டு அக்டோபர் முதல், முதலாண்டுப் பிரீமியம் முழுவதும் கட்டி ஓராண்டு நிறைந்திருந்தால், மேற்கொண்டு கட்டாது பாலிசியை ஒப்படைப்பவருக்கும் ஓரளவு சரண் மதிப்பு உண்டு. முன்னர் அதற்கும் இரண்டாண்டு பிரீமியம் வேண்டியிருந்தது. முறையீடு செய்வோர் முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் தக்க பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் ஐதராபாத்திலும் அவ்வலுவலகங்கள் உள்ளன. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

ஆசிரியையும் அவ்வழியே சென்றார். மனுவை எழுத நாம் உதவினோம். பாங்கில் தம்மிடம் காட்டிய தாளில் பிரீமியம் என்ற சொல்லே இல்லை என்பதை அந்தத் தாளை இணைத்தே காட்டினார். எட்டு மாதம் கழித்து அசல் வந்தது, வட்டி வரவில்லை.