கண்காணிப்புக் காமிராவும் அந்தரங்க உரிமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியன் ஒருவன் பேசுதற்குரியதன்று என்று உங்களிற் சிலர் எண்ணுதல் கூடும். செயலாளர் அவர்களும் சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசுமாறே என்னைப் பணித்தார்கள். ஆயின் இக்கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டாவதாக ஒரு தீர்மானம் அச்சிடப்பெற்றிருக்கின்றது. நம் கல்யாண மண்டபத்திலும், சங்கத் தெருவின் இரு முனைகளிலும், மாணவியர் விடுதியிலும் கண்காணிப்புக் காமிராக்களைப் பொருத்த வேண்டும் என்பதே அத்தீர்மானம். அதனைப் படித்தபின் வேறொன்றைப் பேச என் மனம் இசையவில்லை. சிலம்பை முற்றும் கைவிடாமல் அதிலிருந்தே தொடங்குகின்றேன், செயலாளர் பொறுத்தருள்க.

கட்டுரை காதையிற் குறிக்கப்பெற்று, பின்னோரால் விரித்துரைக்கப்பெறும் பொற்கைப் பாண்டியன் வரலாற்றை நீவிர் அறிவீர். மதுரையிற் கீரந்தை என்னும் அந்தணன் வெளியூர் செல்லும்பொழுது, அரசன் காவலே உனக்கு வேலியாகும் என்று தன் மனைவிக்குச் சொல்லிப் போயினான். அதனைக் கேட்டிருந்த பாண்டியன் இரவுதோறும் அத்தெருவிற் காவல் சுற்றினான். ஓரிரவு அவ்வீட்டினுள்ளே ஆடவன் குரல் கேட்டது, கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவன் ஊரிலிருந்து மீண்ட கணவனே. நள்ளிரவிற் கதவைத் தட்டியவன் யாவன் என்ற ஐயம் மனைவிமேற் செல்லுமே என்று அஞ்சிய அரசன், தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுச் சென்றான். மறுநாள் அவையில் முறையீடு வந்தபொழுது, தட்டிய கை என்னுடையதே என்று கூறி அதனைக் குறைத்துக்கொண்டான்.

வகுப்பில் இக்கதையை இருபது ஆண்டுகளாக அரசனது செங்கோன்மைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வந்தேன். இப்பொழுது வேறொன்றும் தோன்றுகின்றது. பாண்டியன் காவல் சுற்றியது நல்லெண்ணத்தால். அவன் கேட்ட குரலும் பொய்யன்று, மெய்யான குரலே. நல்லெண்ணமும் மெய்யான குரலும் கூடியே ஒரு குற்றமற்ற பெண்ணின் வாழ்வைக் கெடுக்க இருந்தன. இக்காலத்து நகர்க்காவல் செய்கின்ற காமிராவுக்கும் கண் உண்டு. ஆயின் குறைத்துக்கொள்ளக் கை இல்லை.

காமிராவினால் நன்மையில்லை என்று யான் சொல்ல வரவில்லை. சென்ற ஆண்டு நம் தெருவில் ஒரு மூதாட்டியின் சங்கிலியைப் பறித்தோடிய இருவர் மூன்றே நாளிற் பிடிபட்டமைக்கு அரிசி மண்டியின் வாயிலில் இருந்த காமிராவே காரணம். சென்னை மாநகரக் காவல்துறையார் ‘மூன்றாவது கண்’ என்னும் பெயரால் வணிகரையும் குடியிருப்போரையும் காமிரா பொருத்தத் தூண்டிய இயக்கத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். களவு, வழிப்பறி, வண்டி மோதிவிட்டு நில்லாது ஓடுதல் ஆகிய குற்றங்களில் அதன் உதவியை மறுப்பவன் கண்ணிருந்தும் காணாதவன்.

ஆயின் அதே மண்டிக் காமிரா செய்த மற்றொன்றையும் சொல்லுதல் வேண்டும். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் பயின்ற பெண்ணொருத்தி, அப்பொழுது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி, பேருந்து நிறுத்தத்தில் உடன் பயிலும் இளைஞன் ஒருவனோடு நாலைந்து நிமிடம் பேசி நின்றாள். மண்டியின் பதிவுப் பெட்டியிலிருந்து அக்காட்சியை யாரோ கைப்பேசியில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினர். இரண்டு நாளில் அது நம் தெருவில் நுழையாத வீடில்லை. அப்படத்திற் குரல் இல்லை. தேர்வு நாள் மாறியதைப் பற்றியே அவர்கள் பேசினர் என்பது பின்னர்த் தெரியவந்தது. அதற்குள் அவள் தந்தையார் கல்லூரிக்கு அனுப்புதலை நிறுத்திவிட்டார்; ஒரு பருவத் தேர்வு முற்றும் கழிந்தது.

அப்படம் எனக்கும் காட்டப்பெற்றது. ‘இதனை ஏன் வைத்திருக்கின்றாய், அழித்துவிடு’ என்று சொல்லியிருத்தல் வேண்டும், சொன்னேனில்லை. ‘மறுபடி ஒருமுறை போடு’ என்று கேட்டு, யாருடைய பெண் என்று உற்றுப் பார்த்தேன். இதனைச் சொல்லாது மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை கூறுதல் எனக்குத் தகுதியாகாது.

‘மடியிற் கனமில்லையேல் வழியிற் பயமில்லை’ என்னும் பழமொழியைச் சென்ற செயற்குழுவிற் பொருளாளர் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். காமிராவை வேண்டுவோர் யாவரும் இதனையே வெவ்வேறு சொற்களிற் சொல்லுகின்றனர். அப்பெண்ணின் மடியில் யாது கனம் இருந்தது? பழமொழி கள்வன் ஒருவனையே வழியில் நிறுத்திப் பேசுகின்றது. வழியிற் பார்த்திருப்பவன் எத்தகையவன் என்பதை அது கேட்கவில்லை.

பார்ப்பவன் எத்தகையவன் என்று கேளாமையால் விளைந்த கேட்டை இந்நாடு அறியாததன்று. 1871ஆம் ஆண்டில் வெள்ளை அரசாங்கத்தார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை இயற்றினர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஒருவன் செய்த குற்றத்தை நோக்காது பிறந்த குடியை நோக்கி ஊரூராகக் கைரேகை எடுத்தனர். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். இரவில் வேற்றூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். குறித்த நேரத்தில் எண்ணிக்கைக்கு வந்து நிற்றல் வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பெற்றது. நம் குலத்தார் பெயர் அப்பட்டியலில் இல்லை. ஆதலின் நம் பாட்டனார் பலர் அதனைப் பிறர் துன்பமாகவே கருதி வாளாவிருந்தனர். நமக்குச் சிறிது நாணம் தரத்தக்க செய்தி இது. நம் இதழில் இதுவரை யாரும் எழுதிக் கண்டிலேன்.

அன்று காவலர் நடந்துசென்று செய்ததைக் கருவி இன்று இருந்த இடத்திலிருந்தே செய்கின்றது. முகத்தைக் கண்டு இன்னார் என்று சொல்லும் காமிராக்கள் வந்துவிட்டன. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில் அத்தகைய கருவியைக் காவல்துறையார் தெருவில் வைத்தபொழுது, எட்வர்ட் பிரிட்ஜஸ் என்பவர் வழக்குத் தொடுத்தார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எவருடைய முகத்தைத் தேடும் பட்டியலிற் சேர்ப்பது, எவ்விடத்திற் கருவியை நிறுத்துவது என்ற இரண்டும் காவலர் விருப்பத்திற்கே மிகுதியும் விடப்பட்டிருந்தன என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. கருவியே கூடாது என்று அந்நீதிமன்றம் கூறவில்லை. வரையறையின்றிக் கூடாது என்றது.

நம் நாட்டு வழக்கு இன்னும் சுவையுடைத்து. பாண்டியன் கதையை ஒத்தது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941இல் ஒரு கொள்ளை வழக்கிற் பிடிக்கப்பெற்றுச் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவலர் அவர்பெயரால் ஓர் ஏடு திறந்து, இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புவதை வழக்கமாகக் கொண்டனர். அவர் எங்குப் போகின்றார், எப்பொழுது மீள்கின்றார் என்பனவெல்லாம் எழுதப்பெற்றன. உச்சநீதிமன்றம் 1962 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இரவிற் சென்று கதவைத் தட்டுதல் செல்லாது என்று நீதிபதிகள் கூறினர். ஆனால் அரசியற்சட்டத்தில் அந்தரங்க உரிமை என்று ஒன்று இல்லை என்றும், ஏனைய கண்காணிப்பெல்லாம் நிற்கலாம் என்றும் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். உடன்படாதவருள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து சென்ற கே. சுப்பாராவ். தன்னைப் பிறர் நோக்கிக்கொண்டேயிருக்க நடப்பவன் உரிமையோடு நடப்பவனாகான் என்பது அவர் கொள்கையின் சாரம். அது வெற்றிபெற 55 ஆண்டுகள் ஆயின. ஆதார் அட்டையை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். பொதுவிடத்திற்கு வந்துவிட்டமையாலேயே ஒருவன் அவ்வுரிமையை இழந்தவனாகான் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உள்ளது. அரசாங்கம் அவ்வுரிமையிற் கைவைக்க வேண்டுமாயின் அதற்குச் சட்டம் வேண்டும். தக்க நோக்கம் வேண்டும். நோக்கத்திற்கு மிஞ்சாத அளவும் வேண்டும்.

‘தெருவில் நின்று பேசியதில் அந்தரங்கம் யாது?’ என்று வினவுவோர் இதனைக் கருதுக. தெருவில் நின்றவளை அவ்வழியே போனவர் நால்வர் கண்டிருப்பர், கண்டு மறந்திருப்பர். கண்டது மறையாமற் பெட்டியிற் கிடந்து, காணாதவர் ஆயிரவர் கைக்குப் போனதே இங்குப் புதிது.

இதற்கு மறுதலையாக ஒன்று. காமிரா எளியோனுக்குத் துணையாகுமிடமும் உண்டு; அவ்விடத்தில் அது எங்ஙனம் கண்மூடிக்கொள்கின்றது என்பதையும் பாருங்கள். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவல்நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் பின்னர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், அங்குள்ள காமிராப் பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்றும், பதிவு வைக்கப் பெட்டியில் இடம் போதுமானதாக இருந்தது என்றும் உயர்நீதிமன்றத்திற்கு அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம், வேறொரு வழக்கில், நாட்டின் ஒவ்வொரு காவல்நிலையத்திலும் ஒலியும் பதியும் காமிராக்கள் வேண்டும், பதிவு 18 மாதம் காக்கப்பெறல் வேண்டும் என்று ஆணையிட்டது. ஆகவே காமிரா நல்லதா தீயதா என்று வாதாடிப் பயனில்லை. அழிக்க வேண்டியது மண்டியிற் கிடக்கின்றது. காக்க வேண்டியது காவல்நிலையத்தில் அழிகின்றது. பெட்டியின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதே கேள்வி.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருத்தற்கில்லை. 2023ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் மக்களுடைய செய்திகளைக் காக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆயின் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் அதற்குப் புறம்பாக்க மத்திய அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. தனிப்பட்ட, இல்லத்து நோக்கத்திற்காக ஒருவர் கையாளும் செய்திக்கும் அது பொருந்தாது. வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்து, அரசனுக்கு ஒற்று வேண்டும் என்றார். ஆயின் ஓர் ஒற்றன் சொல்லை மற்றோர் ஒற்றனால் ஒப்புநோக்கிய பின்னரே கொள்ளுமாறு சொன்னார். பார்ப்பவனைப் பார்க்க ஒருவன் வேண்டும் என்பது அவர்க்கும் தெரிந்தே இருந்தது.

இனித் தீர்மானத்திற்கு வருகின்றேன். கல்யாண மண்டபத்தின் வாயிலிலும் பணம் எண்ணும் அறையிலும் காமிரா இருத்தலை யான் மனமார ஆதரிக்கின்றேன். மணமகள் அறைப் பக்கமும் உணவுக்கூடத்திலும் எதற்கு? தெருமுனைக் காமிராக்கள் சாலையை நோக்குக. எவர் வீட்டுத் திண்ணையையும் சாளரத்தையும் நோக்காதிருக்க. பதிவு முப்பது நாளிற்குமேல் நிற்றல் கூடாது. சங்கலித் திருட்டுப் போன்ற முறையீடு எழுத்தில் வந்தாலன்றிப் பெட்டியைத் திறத்தல் கூடாது. திறந்தவர், உடனிருந்தவர், பார்த்த நேரம் மூன்றும் ஓர் ஏட்டில் எழுதப்பெறல் வேண்டும். அவ்வேட்டை உறுப்பினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்றிருத்தல் வேண்டும். கைப்பேசியிற் படமெடுத்து வெளியே அனுப்புபவர் சங்கத் தலைவரே ஆயினும் பொறுப்பினின்று நீங்கல் வேண்டும்.

விடுதியைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே பேசுகின்றேன். மாணவியர் காவலுக்கு என்று தீர்மானத்தில் எழுதப்பெற்றுள்ளது. ஆயின் செயற்குழுவில் நடந்த பேச்சில், யார் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு வந்தாள் என்பவற்றைப் பெற்றோர் தம் ஊரிலிருந்தே கண்டுகொள்ளலாம் என்பதே முதன்மையாக எடுத்துரைக்கப்பட்டது. அது வேறு நோக்கம். காவல் என்னும் பெயரில் அதனை நுழைத்தல் நேர்மையன்று. வெளிவாயிலில் ஒன்று, சுற்றுச்சுவரை நோக்கி ஒன்று, இவ்விரண்டும் போதும். அறைகள் இருக்கும் நடைவழியிலும் துணி உலர்த்தும் முற்றத்திலும் வேண்டா. அவ்விடுதியில் இருக்கும் பெண்களை ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. அவர்களை வினவாமல் பன்னிரண்டாவது தீர்மானத்தை இன்று வாக்கெடுப்புக்கு விடலாகாது.

இவற்றையெல்லாம் விதிகளாக எழுதி ஒரு படியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றேன். விடுதிப் பகுதியை மட்டும் அடுத்த மாதக் கூட்டத்திற்குத் தள்ளிவைத்து, அன்று மாணவியர் சார்பில் இருவரையும் விடுதித் தலைவி அம்மையாரையும் அழைக்குமாறு வேண்டுகின்றேன். எஞ்சிய பகுதிக்கு, விதிகளும் சேர்ந்து நிறைவேறுமாயின், என் கையொப்பமும் உண்டு. உணவிற்குப் பின் விதிகள் படிக்கப்பெறும். திருத்தம் சொல்ல விரும்புவோர் அதற்குள் எழுதித் தருக.