ஓவியங்கள் குடியிருக்கும் ஹோட்டல்

நம் தோட்டங்களிலிருந்து கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகளில் பலர் பெரிய ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள். அறைகளைச் சுத்தம் செய்கிறார்கள், சமையற்கட்டில் நிற்கிறார்கள், வாசலில் காவல் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது, "அம்மா, எங்கள் ஹோட்டலில் சுவருக்குச் சுவர் படம் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றுமே புரியவில்லை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் படங்கள் யார் வரைந்தவை? ஏன் அங்கே வந்தன? அவற்றுக்கும் நம்மைப் போன்ற உழைப்பாளிக் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு? இன்று இதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எல்லா ஹோட்டல்களையும் பற்றிப் பேச நேரம் போதாது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் மும்பை நகரத்தின் கடலோரத்தில் நிற்கும் தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் அது. மும்பை என்றால் வேறு ஏதோ ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பம்பாய் என்று சொல்லிப் பழகிய அதே ஊர்தான். 1995-ஆம் ஆண்டில் பெயர் மாறியது.

இந்த ஹோட்டலைக் கட்டியவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. பஞ்சாலை நடத்திப் பணம் சேர்த்த பார்சி வணிகர். 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் பிடித்து ஆட்டியது. வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அந்த நோயின் நிழல் விலகாத காலத்திலேயே அவர் இந்தக் கட்டடத்தைத் தொடங்கினார். 1903 டிசம்பர் 16-ஆம் நாள் ஹோட்டல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்குத் தாமே போய், பார்த்துப் பார்த்துச் சாமான்கள் வாங்கி வந்தார். பாரிஸ் நகரத்திலிருந்து அவர் வாங்கிய இரும்புத் தூண்கள் இன்றும் அங்குள்ள நடனக் கூடத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த ஆண்டே, 1904-இல், அவர் காலமாகிவிட்டார்.

வெள்ளைக்காரர் ஹோட்டல் ஒன்றில் டாட்டாவை உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில்தான் இதைக் கட்டினார் என்று ஒரு கதை ஊரெங்கும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. ஊருக்கு நல்லதொரு ஹோட்டல் வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பதே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படங்களில் காணும் 'கேட்வே ஆஃப் இந்தியா' என்னும் கல்வளைவு இந்த ஹோட்டலுக்கு எதிரேதான் இருக்கிறது. ஹோட்டல்தான் அதற்கு மூத்தது. வளைவு கட்டி முடிந்தது 1924-இல். முதல் உலகப் போரின்போது இந்த ஹோட்டலில் 600 கட்டில்கள் போட்டு மருத்துவமனையாக நடத்தினார்கள்.

சரி, ஓவியங்களுக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் பழைய மாளிகைக்குப் பக்கத்தில் உயரமான புதுக் கட்டடம் ஒன்று எழுந்தது. புது அறைகளுக்கும் கூடங்களுக்கும் அலங்காரம் வேண்டும். அலங்காரப் பொறுப்பிலிருந்த எலிசபெத் கேர்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் பம்பாயில் இருந்த ஓவியர்களின் படங்களை வாங்கி மாட்டத் தொடங்கினார்கள். அந்த நாளில் இந்திய ஓவியருடைய படத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் மிகக் குறைவு. அன்று கொடுத்த விலை இன்றைய விலையோடு பார்த்தால் சில்லறைக் காசு. ஆனால் அன்றைக்கு அந்தச் சில்லறைதான் ஓவியர் வீட்டு அடுப்பை எரித்தது. இப்படி எம்.எஃப். ஹுசைன், கைத்தோண்டே, ராம் குமார், ஜெஹாங்கீர் சபாவாலா முதலியோரின் படங்கள் அங்கே வந்து சேர்ந்தன.

இவர்களில் ஹுசைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1915-இல் பண்டர்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து, சினிமாப் படங்களுக்குப் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் எழுதினார். சாரத்தின் மேல் நின்றுகொண்டு, சதுர அடிக்கு இத்தனை அணா என்ற கூலிக்கு வேலை. பிறகு ஒரு மரச்சாமான் கடையில் குழந்தைகளுக்கான பொம்மைகள் வடிவமைத்தார். 1947-இல் சில நண்பர்களோடு சேர்ந்து ஓவியர் குழு ஒன்றில் இணைந்தார். அந்த நண்பர்களில் ஒருவர் ஆரா என்பவர். ஏழு வயதில் வீட்டை விட்டு ஓடிவந்து, வெள்ளைக்காரர் வீட்டில் எடுபிடியாக இருந்து, பிறகு மோட்டார் வண்டி கழுவிப் பிழைத்தவர். புதிய இந்திய ஓவியத்தைத் தொடங்கிவைத்தவர்கள் எல்லாரும் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஹுசைன் செருப்புப் போடுவதில்லை. பேர் வாங்கிய பிறகும் வெறுங்காலோடுதான் நடந்தார். 1988-இல் பம்பாயில் ஒரு கிளப்பில், காலில் செருப்பு இல்லை என்று அவரை உள்ளே விடவில்லை. அவர் வரைந்த படங்களோ அதே நகரத்தின் மிகப் பெரிய ஹோட்டலில் எப்போதோ குடியேறிவிட்டன. பிற்காலத்தில் வழக்குகளும் எதிர்ப்புகளும் வந்து, 2006-இல் நாட்டை விட்டு வெளியேறி, 2011-இல் லண்டனில் இறந்தார். 1954-இல் அவர் வரைந்த 'கிராம யாத்ரா' என்ற படம் பல்லாண்டு காலம் நார்வே நாட்டில் ஒரு மருத்துவமனையில் தொங்கியது. உழவரும் பெண்களும் மாட்டு வண்டியுமாகக் கிராமத்து வாழ்க்கைதான் அந்தப் படம் முழுவதும். 2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது அது ஒரு கோடியே 37 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போயிற்று.

கைத்தோண்டே வேறு வகை. அவருடைய படத்தில் மனிதரும் இல்லை, மரமும் இல்லை. வண்ணத்தின் மேல் வண்ணமாக உருளையால் தேய்த்து, தகட்டுக் கத்தியால் வழித்து வழித்துச் செய்வார். ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தான். 'ஒன்றுமே புரியவில்லை' என்று நம் பிள்ளைகள் சொல்வது இந்த வகைப் படத்தைப் பார்த்துத்தான். இதில் புரிந்துகொள்ள விடுகதை எதுவும் ஒளிந்திருக்கவில்லை. விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது மரங்களுக்கு இடையே பனி நிற்கிறதே, அதை 'என்ன அர்த்தம்?' என்று யாரும் கேட்பதில்லை, பார்க்கிறோம். அப்படிப் பார்க்க வேண்டிய படம் இது. முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்; பிறகு கிட்டே போங்கள். கையால் மட்டும் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு வண்ணத்தைக் கெடுக்கும்.

அங்கே தங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்பீர்கள். பழைய மாளிகையின் நடுவில் பெரிய மாடிப்படி வளைந்து மேலேறுகிறது; அண்ணாந்து பார்த்தால் குவிமாடம். மின்தூக்கியை விட்டுவிட்டு அந்தப் படியில் ஏறுவதே நல்லது. தாழ்வாரங்களில் ஓவியங்கள், பழைய நாற்காலிகள், கண்ணாடி விளக்குகள். அங்கே தங்குவோருக்கு ஹோட்டல் ஆள் ஒருவரே கூட வந்து, கட்டடத்தையும் படங்களையும் சுற்றிக் காட்டுவது வழக்கம். ஓர் இரவு வாடகை நம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. ஆனால் கடலைப் பார்த்த 'சீ லவுஞ்ச்' என்னும் தேநீர்க் கூடத்தில் உட்கார அங்கே தங்க வேண்டியதில்லை. மும்பைக் குடும்பங்கள் மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் முதன்முதலில் சந்திக்க வைக்கும் இடம் என்று அந்தக் கூடத்துக்கு ஒரு பெயர் உண்டு. பெண் பார்க்கும் படலம் எந்த ஊரிலும் பலகாரம் இல்லாமல் நடக்காது போலும்!

வாசலில் பையைத் திறந்து சோதிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு.

2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, கடல் வழியாக வந்த பத்துப் பயங்கரவாதிகள் மும்பையில் பல இடங்களில் தாக்கினார்கள். நான்கு பேர் இந்த ஹோட்டலுக்குள் புகுந்தார்கள். 29-ஆம் நாள் காலையில்தான் சண்டை ஓய்ந்தது. நகரம் முழுவதும் 166 பேர் உயிரிழந்தார்கள். இந்த ஹோட்டலில் மட்டும் 31 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அங்கே வேலை செய்தவர். பின்வாசல் தெரியாதவர்களா அவர்கள்? எந்தக் கதவு எங்கே போகிறது என்று விருந்தினரைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தப்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தொலைபேசி இணைப்பாளர்கள் தங்கள் இடத்திலேயே இருந்து, ஒவ்வோர் அறையாகக் கூப்பிட்டு, 'விளக்கை அணையுங்கள், கதவைத் திறக்காதீர்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டு ஊழியர்கள் விருந்தினரைச் சுற்றி நின்று தங்கள் உடம்பையே மறைப்பாக்கினார்கள். பொது மேலாளரின் மனைவியும் இரண்டு மகன்களும் ஆறாவது மாடியில் தீயில் இறந்தார்கள். அவர் மற்றவர்களைக் காப்பாற்றும் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்.

மாளிகையின் மேல்தளங்கள் எரிந்தன. படங்களைக் கெடுப்பது நெருப்பு மட்டும் இல்லை. கரிப்புகை வண்ணத்தின் மேல் பிசினைப் போல் ஒட்டிக்கொள்ளும். தீயணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் துணியில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். இப்படிக் கெட்ட ஓவியத்தைத் திருத்துகிறவர், குச்சியில் சுற்றிய சிறு பஞ்சை மருந்தில் நனைத்து, ஓர் அங்குலம் துடைத்து, பஞ்சை எறிந்துவிட்டு, அடுத்த அங்குலத்துக்குப் போவார். அவசரப்பட்டால் கரியோடு வண்ணமும் வந்துவிடும். புதுக் கட்டடம் 2008 டிசம்பர் 21-ஆம் நாளே திறந்தது. பழைய மாளிகை திறக்க 2010 ஆகஸ்ட் 15 ஆயிற்று.

அந்த நெருப்பில் அழியாமல் நின்ற ஒரு சிற்பம் உண்டு. உலோகத்தால் செய்த 'வாழ்வு மரம்'. இறந்த 31 பேரின் பெயர்களோடு இன்று அதுதான் அங்கே நினைவுச் சின்னம். செய்தவர் ஜெய்தேவ் பகேல். பட்டணத்துக் கலைப்பள்ளியில் படித்தவர் அல்லர். பஸ்தர் காட்டுப் பகுதியில், கொண்டகாவ் ஊரில், பரம்பரையாக உலோகம் வார்க்கும் குடும்பத்தில் வந்தவர்.

அந்த வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? முதலில் களிமண்ணால் உருவம் பிடிப்பார்கள். தேன்மெழுகை நூல் நூலாக இழுத்து அதன் மேல் சுற்றுவார்கள். இலை வேண்டுமா, பறவை வேண்டுமா, எல்லாம் மெழுகு நூலிலேயே. அதன் மேல் மெல்லிய மண் பூச்சு, பிறகு கனத்த மண் பூச்சு, ஒரு சிறு துவாரம். நெருப்பில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடம் வெற்றிடமாகும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். மங்கில் விழுந்த பால் மங்கின் வடிவத்தில் உறைவதுபோல, உலோகம் மெழுகின் வடிவத்தில் இறுகிக்கொள்ளும். ஆறிய பிறகு மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு ஒரு முறைக்குத்தான். அதே மாதிரி இன்னொன்று செய்ய முடியாது. நம் கோயில் உற்சவமூர்த்திகளைச் செய்யும் சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகை உருக்கி வார்ப்பவர்கள்தான். அவர்கள் உள்ளே களிமண் வைக்காமல் கெட்டியாக வார்ப்பார்கள். பஸ்தரில் உள்ளே மண் இருப்பதால் உலோகம் குறைவாகச் செல்லும்.

அடுத்த முறை உங்கள் மகனோ மகளோ ஹோட்டல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வரும்போது, அங்கே மாட்டியிருக்கும் படங்களில் ஒன்றின் கீழ் எழுதியிருக்கும் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த ஓவியர் எந்த ஊர்க்காரர், என்ன வேலை பார்த்தவர் என்று வீட்டில் எல்லாருமாகத் தேடிப் பார்க்கலாம்.